எரிவாயுவைக் கண்டுபிடித்த பிறகு என்ன? தான்சானியாவை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளரும் நாடு ஒன்றில் எரிவாயு கிடைத்ததாகச் செய்தி வந்தால், அடுத்த நாளே நாட்டின் கடன் தீர்ந்துவிடும் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்த வாயு காசாவதற்கு என்னென்ன வேண்டும், எங்கே சிக்கும் என்று இங்கே விளக்குகிறோம். இதற்குத் தான்சானியாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சிறிய எரிவாயு வயல், பெரிய குழாய், ஆழ்கடல் இருப்பு, இன்னும் நிறைவேறாத ஏற்றுமதித் திட்டம் என எல்லாக் கட்டமும் அந்த ஒரே நாட்டில் இருக்கிறது. கானா, மொசாம்பிக், நைஜீரியா தேவையான இடங்களில் வரும்.

அளவுகளைப் பற்றி ஒரு சொல். ஆயிரம் கன அடி வாயுவில் ஏறத்தாழ 10 லட்சம் பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பம் இருக்கிறது. உலகச் சந்தையில் விலை சொல்வது இந்த வெப்ப அளவுக்குத்தான் என்பதால், கீழே எல்லா விலையையும் ஆயிரம் கன அடிக்கே சொல்கிறோம். செய்திகளில் வரும் 'டிரில்லியன் கன அடி' என்பது லட்சம் கோடி கன அடி.

எண்ணெய் கிடைத்தால் சில ஆண்டுகளில் விற்றுவிடுகிறார்கள். எரிவாயுவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம்?

எண்ணெயைக் கப்பலில் ஏற்றினால் உலகில் எந்தத் துறைமுகத்திலும் விற்கலாம். அதே வெப்பத்தைத் தரும் வாயு, சாதாரண அழுத்தத்தில் எண்ணெயைப் போல ஆயிரம் மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் குழாயில் அனுப்ப வேண்டும், அல்லது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும். குழாய் போட்டால் மறுமுனையில் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது. திரவமாக்கும் ஆலைக்கோ பல நூறு கோடி டாலர் வேண்டும்.

தான்சானியாவின் சோங்கோ சோங்கோ தீவில் வாயு கிடைத்தது 1974ல். வணிக விற்பனை தொடங்கியது 2004ல். நடுவில் 1980களில், கில்வாவில் அம்மோனியா ஆலை கட்டி அதற்கு இந்த வாயுவைக் கொடுக்கலாம் என்று திட்டமிட்டுக் கைவிட்டார்கள். மொசாம்பிக்கின் பாண்டே வயலில் 1961ல் கிடைத்த வாயுவும், தென்னாப்பிரிக்காவின் செகுண்டாவுக்கு 865 கி.மீ. குழாய் போட்ட பிறகு 2004ல்தான் விற்பனைக்கு வந்தது. இரண்டு இடத்திலும் பூமிக்கடியில் வாயு தயாராகவே இருந்தது. வாங்கிப் பணம் கட்டக்கூடிய ஆள்தான் இல்லை.

அப்படியானால் முதல் வேலை எது? கிணறா, குழாயா?

இரண்டும் இல்லை. முதல் நாளிலிருந்தே பெரிய அளவில் எடுக்கக்கூடிய ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களைப் பிடிப்பதுதான் முதல் வேலை. ஏற்கெனவே விலை அதிகமான எரிபொருளை எரித்துக்கொண்டிருப்பவர்களாக இருந்தால் நல்லது. இனிமேல் தொடங்கப்போகும் ஆலையை நம்பிக் குழாய் போடுவது ஆபத்து. ஆலை ஓராண்டு தாமதமானால் குழாய் ஓராண்டு வெறுமனே கிடக்கும், வட்டி மட்டும் ஓடும்.

சோங்கோ சோங்கோவில் இதைச் சரியாகச் செய்தார்கள். தாருஸ்ஸலாம் நகரின் உபுங்கோ மின்நிலையத்தில் திரவ எரிபொருளில் ஓடிக்கொண்டிருந்த டர்பைன்களை வாயுவுக்கு மாற்றினார்கள். வாசோ ஹில் சிமென்ட் ஆலையின் சூளைகளும் சேர்ந்தன. இந்த இருவரின் தேவையை வைத்தே மற்றதெல்லாம் அளவெடுக்கப்பட்டது: தீவில் தினம் தலா 3.5 கோடி கன அடி சுத்திகரிக்கும் இரண்டு அலகுகள், கடலடியில் 25 கி.மீ. நீளத்துக்கு 12 அங்குலக் குழாய், கரையில் 207 கி.மீ. நீளத்துக்கு 16 அங்குலக் குழாய்.

ஒப்பந்தத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருந்தது. இந்த முதல் வாடிக்கையாளர்களுக்கான வாயு குறைந்த விலையில் தனியே ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீடு 2024 ஜூலை வரை நீடித்தது. அதற்கு மேல் எடுத்த வாயுவை நகரின் மற்றத் தொழிற்சாலைகளுக்குச் சந்தை விலையில் விற்க வயலை நடத்தியவர்களுக்கு அனுமதி இருந்தது. மின்சாரம் மலிவாகக் கிடைத்தது. புது வாடிக்கையாளரைத் தேடும் ஆர்வமும் விற்பவருக்குக் குறையவில்லை.

எந்த வாடிக்கையாளர் எவ்வளவு எடுப்பார்?

100 மெகாவாட் மின்நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டர்பைனின் புகைவெப்பத்தையும் பயன்படுத்தி நீராவி டர்பைன் ஓட்டும் கூட்டுச்சுழற்சி நிலையமாக இருந்தால் முழு ஓட்டத்தில் தினம் 1.6 கோடி கன அடி எடுக்கும். டர்பைன் மட்டும் இருக்கும் எளிய நிலையம் அதே மின்சாரத்துக்கு 2.5 கோடி கன அடி வரை விழுங்கும். கட்டும் செலவு குறைவு என்று எளிய நிலையத்தைத் தேர்ந்தால், அந்த வித்தியாசத்தை இருபது ஆண்டுகள் வாயுவாகக் கட்டித் தீர்க்க வேண்டும்.

தினம் 1,700 டன் யூரியா செய்யும் ஆலைக்குச் சுமார் 4 கோடி கன அடி வேண்டும். ஒரு டன் யூரியாவுக்கு ஏறத்தாழ 24 ஆயிரம் கன அடி என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடுகளுக்கு அடுப்பெரிக்கக் கொடுப்பது மக்களுக்குப் பிடித்த திட்டம். ஆனால் குளிர்காலச் சூடாக்கல் இல்லாத வெப்ப நாட்டில் ஒரு வீடு எடுக்கும் வாயு மிகக் குறைவு. தெருத்தெருவாகக் குழாய் போடும் செலவை அந்தச் சிறு விற்பனை தாங்காது. மின்நிலையமும் ஆலைகளும் பெரிய குழாயின் செலவைச் சுமந்த பிறகு, அதிலிருந்து கிளை பிரித்துக் கொடுக்கலாம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2,000 மெகாவாட் கூட்டுச்சுழற்சி நிலையங்களை இருபது ஆண்டு ஓட்டினாலும் இரண்டரை லட்சம் கோடி கன அடிக்கு மேல் செலவாகாது. தான்சானியாவின் இருப்பு என்று அரசு சொல்வது 57 லட்சம் கோடி கன அடி. அதில் பெரும்பகுதி ஆழ்கடலில் இருக்கிறது. உள்நாட்டு மின்சாரத்தை மட்டும் காட்டி அந்த ஆழ்கடல் வயல்களுக்குக் கடன் வாங்க முடியாது.

குழாயின் குறுக்களவை எப்படி முடிவு செய்வது?

குழாயின் கொள்ளளவு அதன் விட்டத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப உயரும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஐந்தரை மடங்குக்கு மேல் வாயு போகும். செலவு அந்த அளவுக்கு ஏறாது. அதனால் 'போடுவதே போடுகிறோம், பெரிதாகவே போடுவோம்' என்ற ஆசை எல்லா நாட்டிலும் வரும்.

தான்சானியாவிலும் வந்தது. தெற்கே ம்ட்வாராவிலிருந்து தாருஸ்ஸலாமுக்கு 36 அங்குலக் குழாய், கிளையோடு சேர்த்துச் சுமார் 540 கி.மீ., சீன எக்ஸிம் வங்கியின் கடனில் போடப்பட்டு 2015ல் முடிந்தது. தினம் 78.4 கோடி கன அடி கொண்டுபோகக்கூடிய குழாய் அது. எடுக்க அத்தனை மின்நிலையங்கள் அப்போது இல்லாததால், பல ஆண்டுகள் அதன் கொள்ளளவின் சிறு பகுதியே பயன்பட்டது. வாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கடன் தவணை டாலரில் வந்து நிற்கும். அந்தச் சுமை கடைசியில் கட்டணத்தில் ஏறும், அல்லது அரசின் கணக்கில் ஏறும்.

எங்கள் கருத்தில், உறுதியாகக் கையெழுத்தான தேவைக்கு ஒன்றரை மடங்கு போதும். பிறகு தேவை வளர்ந்தால் வழியில் கம்ப்ரசர் நிலையம் வைத்து அழுத்தத்தைக் கூட்டலாம், அல்லது பக்கத்திலேயே சில பகுதிகளுக்கு இரண்டாம் குழாய் போடலாம். அதற்கான நிலத்தை முதலிலேயே அகலமாக எடுத்து வைப்பது மலிவு. வீடுகள் முளைத்த பிறகு எடுப்பது கடினம்.

ஒரே குழாயை நம்பலாமா?

மேற்கு ஆப்பிரிக்க எரிவாயுக் குழாய் நைஜீரியாவிலிருந்து பெனின், டோகோ வழியாகக் கானாவுக்கு 678 கி.மீ. போகிறது. 2012 ஆகஸ்டில் டோகோ கடலில், கொள்ளையர் ஏற முயன்ற கப்பல் ஒன்றின் நங்கூரம் இந்தக் குழாயைக் கிழித்தது. கானாவுக்கு ஏறத்தாழ ஓராண்டு வாயு நின்றது. மின்வெட்டு நாடு முழுவதும் பரவியது. மின்நிலையத்தில் டீசலிலோ எண்ணெயிலோ ஓடும் வசதியும், சில வாரங்களுக்கான எண்ணெய்க் கையிருப்பும் வைப்பது வீண்செலவல்ல.

விலையை யார், எப்படி நிர்ணயிக்கிறார்கள்?

வாங்குபவர் எவ்வளவு தாங்குவார் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். கீழே இருப்பவை கணக்கு புரிவதற்கான எடுத்துக்காட்டு எண்கள்.

பீப்பாய் 75 டாலர் என்று உலை எண்ணெய் எரிக்கும் மின்நிலையம், ஆயிரம் கன அடிக்குச் சமமான வெப்பத்துக்கு 12 டாலர் செலவழிக்கிறது. மாறுவதற்கு ஈர்ப்பு வேண்டுமே. 9 டாலருக்குக் கொடுக்கலாம். குழாய்க் கூலி 1.5, சுத்திகரிப்பு 1 போனால் கிணற்றடியில் 6.5 மிஞ்சும்.

நிலக்கரி எரிக்கும் சிமென்ட் சூளையின் கதை வேறு. டன் 100 டாலர் நிலக்கரி அதே வெப்பத்தை 4 டாலருக்குக் கொஞ்சம் மேல் கொடுத்துவிடும். அங்கே 9 டாலர் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதே சிமென்ட் ஆலை தன் மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் ஓட்டினால் அந்தப் பங்குக்கு நல்ல விலை தரும். ம்ட்வாராவில் 2015ல் திறந்த டாங்கோட்டே சிமென்ட் ஆலை டீசலில் மின்சாரம் எடுத்துத் திணறி, 2018ல் வாயுவுக்கு வந்தது.

யூரியா ஆலையில் டன்னுக்கு 170 டாலர் ஆலைச் செலவு என்று வைத்தால், யூரியா 350 டாலருக்கு விற்கும்போது ஆயிரம் கன அடிக்கு 7.5 டாலர் தாங்கும். யூரியா 250க்கு இறங்கினால் 3.3 டாலருக்கு மேல் தாங்காது. அதனால் உரம், மெத்தனால் ஆலைகளுக்கு நிலையான விலையில் விற்பது இருவருக்கும் கெடுதல். டிரினிடாட்டின் பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டை வளர்ந்ததில், வாயு விலையை அம்மோனியா, மெத்தனால் சந்தை விலையோடு கட்டிய ஒப்பந்தங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எல்லோருக்கும் ஒரே விலை என்பது நியாயமாகத் தெரியும். நடைமுறையில் அது பாதி வாடிக்கையாளர்களை வெளியே நிறுத்திவிடும்.

'டேக் ஆர் பே' என்கிறார்களே, எடுக்காத வாயுவுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

கிணறும் குழாயும் கடனில் கட்டப்படுகின்றன. வாங்குபவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆண்டு அளவில் 80 அல்லது 90 சதவீதத்துக்குப் பணம் உண்டு என்ற உறுதி இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது. ஆகவே அந்த ஷரத்து இருந்தே தீரும். அதைச் சுற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

பணம் கட்டி எடுக்காமல் விட்ட வாயுவைப் பின்னால் இலவசமாக எடுத்துக்கொள்ளும் உரிமை, அதற்கான கால வரம்பு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்த அளவு. விற்பவர் வாயு தராமல் போனால் அவர் கட்ட வேண்டிய ஈடு. இந்த மூன்றாவதை, வாயு வாங்கும் அரசு நிறுவனங்கள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. நான்காவது எல்லாவற்றையும்விட முக்கியம்: கடமை தொடங்கும் தேதி. குழாயும் மின்நிலையமும் சோதித்து முடிந்த தேதியோடு அது கட்டப்பட வேண்டும்.

கானாவின் சங்கோஃபா வயலில் 2018ல் வாயு வந்துவிட்டது. வயல் மேற்கே, பெரிய தேவையோ கிழக்கே தேமாவில். வாயுவை மேற்கிலிருந்து கிழக்கே அனுப்பும் இணைப்பு வேலை அப்போது முடியவில்லை. எடுக்க முடியாத வாயுவுக்கு அரசு பணம் கட்ட வேண்டியதாயிற்று.

பணச் சங்கிலி எங்கே அறுகிறது?

பெரும்பாலும் மின்வாரியத்தில். வாரியம் மக்களிடம் உள்நாட்டுப் பணத்தில், செலவுக்கும் குறைந்த கட்டணத்தில் வசூலிக்கிறது. வாயுவுக்கு டாலரில் கட்ட வேண்டும். உள்நாட்டுப் பணத்தின் மதிப்பு இறங்கினால் வாயு விலை மாறாமலே வாரியத்தின் பில் ஏறிவிடும்.

தான்சானியாவில் 2011ல் மழை பொய்த்து அணைகள் வற்றின. மின்வாரியமான தானெஸ்கோ டீசல் ஜெனரேட்டர்களை அவசர வாடகைக்கு எடுத்தது. அந்தச் செலவில் வாயுப் பணம் நிலுவையில் விழுந்து, தீர்க்கப் பல ஆண்டுகள் ஆயின. நிலுவை ஏறினால் வயலில் புதுக் கிணறு தோண்டுவது நிற்கும். வாயு குறையும், மறுபடி டீசல் எரிக்க வேண்டிவரும், நிலுவை மேலும் ஏறும். மலிவான எரிபொருளுக்கான பணத்தை நிறுத்தி விலை அதிகமான எரிபொருளுக்குக் கட்டுவது போன்ற கொடுமை வேறில்லை. ஆனால் டீசல்காரர் உடனே பணம் கேட்பார், வாயுக்காரர் பொறுப்பார் என்பதால் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

இதைத் தடுக்க இரண்டு மூன்று மாத பில் அளவுக்குத் தனிக் கணக்கில் வைப்பு, வங்கியின் கடன் உறுதிக் கடிதம், பெரிய திட்டமானால் உலக வங்கி உத்தரவாதம் ஆகியவை உண்டு. சங்கோஃபா திட்டத்துக்கு 2015ல் உலக வங்கி 70 கோடி டாலர் உத்தரவாதம் தந்தது. ஆனால் உத்தரவாதம் வங்கிக்குத் தைரியம் தரும், வாரியத்தின் பெட்டியை நிரப்பாது. வசூலும் கட்டணமும் சரியாகாமல் எந்தப் பத்திரமும் நெடுநாள் தாங்காது.

கிணற்று வாயுவை அப்படியே குழாயில் அனுப்பலாமா?

கூடாது. முதலில் நீரை எடுக்க வேண்டும். நீராவி கலந்த மீத்தேன், 100 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு) அழுத்தத்தில் சுமார் 13 டிகிரிக்குக் கீழே பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து குழாயை அடைக்கும். ஈத்தேன், புரோப்பேன் கலந்திருந்தால் 20 டிகிரியிலேயே உறையலாம். கடலடியின் 4 டிகிரிக் குளிரில், உறைவதைத் தடுக்கும் கிளைக்கால் திரவத்தைச் செலுத்தாமல் குழாய் நிலைக்காது. கரையில் டிரை எத்திலீன் கிளைக்காலில் வாயுவைக் கழுவி, 10 லட்சம் கன அடிக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் வரையே நீராவியை விடுவார்கள்.

கரியமில வாயு விற்பனைக் குழாயில் 2, 3 சதவீதம் வரை பரவாயில்லை. திரவமாக்க வேண்டுமானால் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெப்பமாற்றியை அடைக்கும். பாதரசம் துளி இருந்தாலும் அலுமினிய வெப்பமாற்றியைத் தின்றுவிடும்.

சோங்கோ சோங்கோ வாயுவில் 97 சதவீதம் மீத்தேன். மிகச் சுத்தமான வாயு. அப்படியிருந்தும் பழைய கிணறுகளின் உட்குழாய்கள் அரித்துப்போய்ச் சில கிணறுகளை மூடி வைத்து, 2015ல் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. கடலில் கிணற்றைத் திறந்து குழாய் மாற்றத் தனி ரிக் வேண்டும். ரிக்கை வரவழைக்கும் செலவே பெரிது. தொடக்கத்திலேயே குரோமியம் கலந்த எஃகுக் குழாய் இறக்குவது நல்லது.

நம் நாட்டிலேயே வாயு கிடைத்தால் சிலிண்டர் விலை இறங்குமா?

பெரும்பாலும் இறங்காது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன். வயலில் வருவது முக்கியமாக மீத்தேன். சோங்கோ சோங்கோ போன்ற உலர்ந்த வாயுவில் சிலிண்டருக்கான சரக்கு அநேகமாக இல்லை. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவில் அது இருக்கும். கானாவின் அட்டுவாபோ ஆலை அப்படிப்பட்ட ஜுபிலி வயல் வாயுவிலிருந்துதான் எல்பிஜி பிரிக்கிறது.

எண்ணெயோடு வரும் வாயுவை ஏன் எரித்து வீணாக்குகிறார்கள்?

அது குறைந்த அழுத்தத்தில், பல இடங்களில் சிறிது சிறிதாக வருகிறது. சேர்த்துக் குழாயில் ஏற்றக் கம்ப்ரசர் வேண்டும். எண்ணெய்க்காரருக்கு அது உபரிச் செலவு. நைஜீரியா 1979லேயே சட்டம் போட்டு 1984 ஜனவரியை எல்லையாக வைத்தது. எரிப்பு நிற்கவில்லை. 1999ல் போன்னித் தீவிலிருந்து முதல் எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய வாயு) கப்பல் கிளம்பி, சேகரிக்கும் வாயுவுக்கு விலை கிடைத்த பிறகே நிலைமை நன்றாக மாறத் தொடங்கியது. சிறு தீச்சுடர்களுக்கு, அந்த இடத்திலேயே மின்சாரம் எடுப்பதும் சிஎன்ஜியாக, அதாவது அழுத்திய வாயுவாக, 200, 250 பார் அழுத்தத்தில் லாரியில் ஏற்றுவதும் ஒத்துவரும்.

எல்என்ஜி ஏற்றுமதிதானே பெரிய பணம்?

ஆண்டுக்கு 50 லட்சம் டன் செய்யும் ஓர் அலகுக்கு இருபது ஆண்டில் ஐந்தரை லட்சம் கோடி கன அடி வேண்டும். அதுவும் எடுக்கக்கூடிய இருப்பாக நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். விலை பெரும்பாலும் கச்சா எண்ணெயோடு கட்டப்படும். பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 70 டாலர், ஒப்பந்த விலை அதில் 12 சதவீதம் என்றால் ஆயிரம் கன அடிக்கு 8.40. கப்பலுக்கு 1, திரவமாக்க 3.5 போனால் 3.90 மிச்சம். அதற்குள் ஆழ்கடல் கிணறும், கரைக்குக் குழாயும், அரசின் பங்கும் அடங்க வேண்டும்.

தான்சானியாவின் ஆழ்கடலில் 2010 முதல் பெரிய வயல்கள் கிடைத்தன. லிண்டியில் ஆலை கட்டப் பேச்சு நீண்டது. 2021 ஜனவரியில் நார்வே நிறுவனமான ஈக்வினார் அத்திட்டத்தின் மதிப்பில் 98.2 கோடி டாலரைக் கணக்கிலிருந்து கழித்தது. மீண்டும் பேச்சு நடந்தும் இறுதி முதலீட்டு முடிவுக்கு வரவில்லை. இதற்குள் அண்டையில் மொசாம்பிக், கடலில் மிதக்கும் கோரல் சுல் ஆலையிலிருந்து 2022 நவம்பரில் முதல் கப்பலை அனுப்பிவிட்டது. ஆண்டுக்கு 34 லட்சம் டன் ஆலை அது. அதே மொசாம்பிக்கில் கரையில் தொடங்கிய பெரிய திட்டம், 2021 மார்ச்சில் பால்மா நகரைத் தீவிரவாதிகள் தாக்கியதும் நின்றுபோனது.

பேரம் பேசுவது தவறல்ல. ஆனால் வாங்குபவர்கள் இருபது ஆண்டு ஒப்பந்தங்களில் ஒருமுறை கையெழுத்திட்டால், அந்த இடம் அடுத்த இருபது ஆண்டு நிரம்பிவிடும்.

வயல் இருக்கும் ஊருக்கு என்ன கிடைக்கிறது?

2013 ஜனவரியிலும் மே மாதத்திலும் ம்ட்வாரா மக்கள் தெருவில் இறங்கினார்கள். எங்கள் வாயுவைக் குழாயில் தாருஸ்ஸலாமுக்குக் கொண்டுபோனால் எங்களுக்கு வேலை எங்கே என்பது கேள்வி. கலவரத்தில் உயிர்களும் போயின. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குழாய் போட்ட பிறகு ஊரில் நிரந்தர வேலை சில டஜன் பேருக்குத்தான். ஆகவே உள்ளூர் ஆலைக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு வாயு, உள்ளூராட்சிக்கு வருவாயில் எவ்வளவு பங்கு என்பதைக் குழாய்க்கு நிலம் எடுக்கும் முன்பே எழுதி, ஊரில் படித்துக் காட்ட வேண்டும். நிதி அமைச்சகத்தின் வழியாகப் பின்னால் வரும் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரிய நீர்மின் திட்டமோ சூரிய மின்சாரமோ வந்துவிட்டால்?

வாயுவின் தேவை குறையும். ஒப்பந்தம் எழுதும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2,115 மெகாவாட் ஜூலியஸ் நியெரேரே நீர்மின் நிலையம் 2024ல் ஓடத் தொடங்கியதும், தான்சானியாவின் மின்நிலையங்களுக்கு வாயு முன்போல் தேவைப்படவில்லை. அங்கே இப்போது வாகனங்கள் சிஎன்ஜிக்கு மாறுகின்றன. தாருஸ்ஸலாமில் ஆட்டோவுக்குப் பெயரே 'பஜாஜி'. நிரப்பு நிலையங்கள் குறைவு என்பதால் வரிசை நீளுகிறது. தேவை கண்ணெதிரே நிற்கிறது, கம்ப்ரசர்தான் போதவில்லை.

மன்னார் வாயு ஏன் இன்னும் வரவில்லை?

இலங்கையின் மன்னார்ப் படுகையில் 2011ல் கெய்ர்ன் நிறுவனம் டொராடோ, பராகுடா என இரண்டு இடங்களில் வாயு கண்டது. கடலாழம் 1,300 மீட்டருக்கு மேல். 2015ல் அந்நிறுவனம் விலகியது. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் கூட்டுச்சுழற்சி நிலையம் வாயுவுக்குத் தயாராகக் கட்டப்பட்டு எண்ணெயில் ஓடிவந்தது. அது முழு ஓட்டத்தில் எடுப்பது தினம் 5 கோடி கன அடிதான். ஆழ்கடல் கிணறும் கரைக் குழாயும் அந்த அளவில் கட்டுப்படியாகாது. இன்னும் பல நூறு மெகாவாட் சேர வேண்டும், மின்சபை டாலரில் தவறாமல் கட்ட முடியும் என்று கடன் தருவோர் நம்ப வேண்டும்.

சிறிய வயலானால் வழி வேறு. காவிரிப் படுகையில் குத்தாலம், திருமாக்கோட்டை, ராமநாதபுரத்தின் வழுதூர் ஆகிய இடங்களில், வாயு கிடைக்கும் வட்டாரத்திலேயே ஏறத்தாழ 100 மெகாவாட் அளவு மின்நிலையங்களை வைத்தார்கள். நீண்ட குழாய் தேவைப்படவில்லை. வாயுவுக்குப் பதில் மின்சாரம் கம்பியில் போனது. கரையோரச் சிறு வயல் கையிலிருக்கும் எந்த நாடும் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான்: அருகில் உயர் அழுத்த மின்கம்பி எத்தனை கிலோமீட்டரில், வாயு எத்தனை ஆண்டுக்கு.